முனீஸ்வரி தோட்டத்து முதல் வெட்டு

சுருளிப்பட்டி,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

என் ஆத்தா அனுசுயாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருக்க வேண்டுமென்று சுருளி வேலப்பரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதை என்னால் சொல்ல முடியாது. தேனி பஜார் ஜெபமணி அண்ணாச்சி மகன் வினோத்ராஜ் லீவு முடிந்து டென்மார்க்குக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடும் பார்சலில் சுண்டைக்காய் வற்றலுக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே இதை வைத்திருக்கிறேன். பருப்புப் பொடியை முதலில் எடுத்து பிரிட்ஜில் வை, பிறகு உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துவிடுகிறேன் என்றால் எனக்கென்ன கிழவனா ஆகிவிட்டது என்று சண்டைக்கு வருகிறார். ஆண்டிபட்டியிலிருந்து உமாதேவி சித்தி பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனாள். அவர்களுடைய மானாவாரிச் சோளம் முளைக்கிற நேரத்தில் ஒரு சொட்டு இல்லையாம், கதிர் அறுக்கிற நேரத்தில் ஊற்று ஊற்றென்று ஊற்றி எல்லாம் காட்டிலேயே முளைத்துவிட்டதாம். இங்கேயும் அதே கதைதான். போன சித்திரையில் அடித்த வெயிலில் மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களே காய்ந்து சருகாகிவிட்டன, அடுத்து மழை வந்தது, அதுவும் மாசக்கணக்கில் பெய்ய வேண்டியதை இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போனது. அந்த மழையைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆவணியில் நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய், ஞாபகம் இருக்கும். அம்மா, இந்த வருஷம் ஐப்பசி மழை முந்தி வரும், வந்தால் பலமாக வரும்போல இருக்கிறது, வழக்கமான நாளில் திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து பண்ணினால் சரியாகப் பூ நேரத்தில் மழையில் மாட்டும், அதனால் மழை கழியும்வரை கொடியைத் தொடாதீர்கள் என்றாய். நீ மழைக்கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறவள், ஆனாலும் அதற்கு முன்னால் ஒரு தடவை மழை வருமென்று நீ சொன்னதைக் கேட்டு மருந்தடிப்பதைத் தள்ளிப்போட்டு, மழையும் வராமல் மருந்தும் அடிக்காமல் போனதற்கு அப்பா உன்னைக் கேலி பண்ணினார் இல்லையா, அதனால் எனக்கு அரை நம்பிக்கைதான் இருந்தது. அப்பா மட்டும் இந்தத் தடவை யோசித்துவிட்டு, நாம் பொறுப்போம் என்றார். பக்கத்துத் தோட்டத்து முனீஸ்வரிக்கும் சொல்லிவிடுகிறேன் என்று நான் கிளம்பினேன். அப்போது அவர் சொன்னது, "ஊரக் கூட்டித் தண்டோராப் போடப் போறியா? ரெண்டு தோட்டமும் ஒண்ணாப் பழுத்தா வியாபாரி வெலைய அமுக்கிருவான். அவ காய் முந்திப் போகட்டும், நம்ம காய் பிந்திப் போகட்டும், ரெண்டு பேருக்கும் நல்லதுதானே" என்று. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பட்டது என்று சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி.

முனீஸ்வரி யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீ போன பிறகு அவள் நிலைமை வேறு. புருஷன் போய்ச் சேர்ந்தபின் நம் வேலிக்கு அடுத்த திராட்சைப் பந்தலைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாக நின்று பார்க்கிறாள். எனக்குக் கைராசி என்று அவளாக ஒரு நம்பிக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கவாத்துக்கும் முதல் கொடியை நான்தான் வெட்ட வேண்டும் என்பாள். பந்தலின் ஈசானிய மூலைக் கல்லுக்காலுக்கு மஞ்சள் பூசி, சூடம் கொளுத்தி, தாம்பாளத்தில் கவாத்துக் கத்தரியை வைத்து என்னிடம் நீட்டுவாள். நான் ஒரு கொடி வெட்டிய பிறகுதான் ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். இந்த ஆவணியிலும் வந்து கூப்பிட்டாள். நானும் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு போனேன். உங்கள் தோட்டம் எப்போதக்கா என்று கேட்டாள், ஆள் கிடைக்கவில்லை என்று வாய்கூசாமல் சொன்னேன். கத்தரியைக் கையில் எடுத்தபோது உன் குரல் காதில் கேட்டது. கேட்டும் வெட்டினேன். சொல்லாமல் இருந்ததைக்கூட மன்னித்துவிடலாம், அந்தக் கொடியை என் கையாலேயே வெட்டினேனே, அதுதான் என்னைச் சாப்பிட விடாமல் பண்ணுகிறது.

நீ சொன்ன மாதிரியே நடந்தது. அவள் தோட்டம் பூவெடுத்து நின்ற நேரத்தில் மலை இருண்டு, லோயர் கேம்ப் பக்கமிருந்து ஆறு செம்மண்ணாக வந்தது. மழை விட்டபோது பூவெல்லாம் அழுகித் தரையில் கிடந்தது, இலைக்கு அடியில் வெள்ளை படர்ந்து செவட்டை நோய் விழுந்துவிட்டது. நம் கொடிகள் இன்னும் வெட்டாமல் நின்றதால் நமக்குச் சேதமில்லை. நஷ்டம் எழுத வந்தவர்கள் பட்டா யார் பேரில் என்று கேட்டார்கள், குத்தகைக்காரிக்கு என்ன பட்டா இருக்கும், நிலத்துக்காரர் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனேன், அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். "ஒங்க கைல குத்தமில்லக்கா, அன்னைக்கு அவசரத்துல தலைக்குக் குளிக்காம வந்து நின்னவ நாந்தான், சாமி குத்தமாப் போச்சு" என்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? மழைக்கு நீ என்னடி செய்வாய் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் தன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து அவள் விடியுமுன்னே ஜீப்பில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். அங்கேயும் வெயிலில் செடி போனதால் எல்லா நாளும் வேலை இல்லை, சில நாள் தோட்டக்காரச் சேட்டன் பாதி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறாராம். மழைநாளில் அந்தப் பாதையில் மண் சரியும், ஜீப்பில் ஆட்களைப் புளிமூட்டையாக அடைத்து ஏற்றுவார்கள். அவள் மகள் ஜோதிகா பிளஸ் டூ படிக்கிறாள் இல்லையா, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நம் வீட்டுக்கு வந்து உன் மேஜையில் உட்கார்ந்து படிப்பாள், ஜீப் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவாள். அவளுக்குத் தோசை ஊற்றிக் கொடுப்பேன். பெரியம்மா கைத் தோசை மாதிரி வராது என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது எனக்கு அடுப்பைவிட்டுத் திரும்பிப் பார்க்க முகம் இருக்காது.

போன புதன்கிழமை முனீஸ்வரி வந்தாள். தலை நிறைய எண்ணெய் வைத்து முழுகி, விரதம் இருந்து வந்திருந்தாள். தை வெள்ளி நல்ல நாள், மறுபடி கவாத்து பண்ணிப் பார்க்கிறேன், இந்தத் தடவை சுத்தபத்தமாக இருந்துவிட்டேன், முதல் வெட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டாள். சொல்லிக்கொண்டே நம் பந்தலில் பட்டாணி அளவு காய் பிடித்துத் தொங்குவதைப் பார்த்து, ஒங்களுக்காவது தப்பிச்சதே என்று சந்தோஷப்பட்டாள். மனசாரச் சொன்னாள் அனுசுயா. சாமி குத்தமும் இல்லை, உன் குத்தமும் இல்லையடி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ சொன்னது, அப்பா சொன்னது, ஆள் கிடைக்கவில்லை என்று நான் புளுகியது, எல்லாம்.

திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நம் பந்தலில் தொங்கிய காய்களை மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "இப்ப என்ன சொல்லுது ஒங்க மக? வெள்ளிக்கிழம வெட்டலாமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி என்று போய்விட்டாள். அன்று ராத்திரி உன்னிடம் மாசி மழை உண்டா என்று நான் கேட்டதும், பெரிதாக இல்லை என்று நீ சொன்னதும் இதற்காகத்தான். ஜோதிகாவிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால் அவள் வரவில்லை, நானே வேலியோரம் போய் நின்று சொன்னேன், தலையை ஆட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் தோட்டத்து மூலையில் சூடம் எரிவது நம் பந்தலிலிருந்து தெரிந்தது. முதல் கொடியை அவளே வெட்டினாள். என்னைக் கூப்பிடவில்லை.

உன் மேஜை சாயங்காலங்களில் சும்மா கிடக்கிறது. நான் முனீஸ்வரியிடம் சொல்லிவிட்டது தெரிந்து அப்பா முதலில் குதித்தார். நேற்று யாரிடமும் சொல்லாமல் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு காலை நொண்டி நொண்டி அவள் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனார். வேண்டாம் மாமா, நானே அடித்துக்கொள்வேன் என்று அவள் சொல்லிவிட்டதால் திரும்பி வந்துவிட்டார். அவரிடம் நீ எதுவும் கேட்டுவிடாதே, அவருக்கும் உள்ளுக்குள் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஜோதிகாவின் போன் நம்பரைக் கடிதத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். இனிமேல் மழைத் தகவலை முதலில் அந்தப் பிள்ளைக்கு அனுப்பு, அதன் பிறகு எங்களுக்கு அனுப்பினால் போதும். அவளுக்குப் புரிகிற மாதிரி, எந்த மாசம் எந்த வாரம் என்று தமிழில் சொல். நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்றும் சொல்லிவிடு. பதில் போடாவிட்டாலும் அனுப்புவதை நிறுத்தாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் நாலு பேருக்கு நல்லது நடக்க வேண்டும், அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லாவிட்டாலும் உனக்கு வேலப்பர் தரட்டும். ராத்திரி கண் விழிக்காதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. நம் தோட்டத்துக்கு அறுப்பு முடிந்து அடுத்த கவாத்து வரும்போது முதல் வெட்டுக்கு முனீஸ்வரியைப் போய்க் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். தாம்பாளத்தை நான் நீட்ட வேண்டும், கத்தரியை அவள் எடுக்க வேண்டும். வருவாளோ மாட்டாளோ. வந்தால் நானே சொல்கிறேன், சொல்லாவிட்டால் நீயாகக் கேட்காதே ஆத்தா.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா
கஸ்தூரியம்மாள்