அப்பா இல்ல

ஜூன் 10, 2025. செவ்வாய்

குழுக்கடன் வசூல் நாள். தவணைக்கு என்னிடம் பாதிதான் இருந்தது. வசூலுக்கு வருகிறவரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அடுப்படிக்குள் போய்க் கதவு மறைவில் நின்றுகொண்டேன். சின்னவள் கார்த்திகா வாசலுக்குப் போனாள்.

"அம்மா இல்ல."

"எங்க போயிருக்காங்க?"

"தேனிக்கு. டாக்டர்கிட்ட. வயித்து வலி."

'அம்மா இல்ல' மட்டும்தான் நான் சொல்லிக்கொடுத்தது. தேனியும் டாக்டரும் வயிற்று வலியும் அவளாகச் சேர்த்தவை. தடுமாறாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்லியிருப்பாள். ஒரு நொடி, சமர்த்து என்று நினைத்தேன். அடுத்த நொடிதான் உறைத்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை.

பெரியவள் முத்துப்பிரியாவின் போன வருட நோட்டில் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. யாரிடமும் சொல்ல முடியாததை இதில் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11

என் பங்கைக் குழுத் தலைவி மொக்கம்மாள் அக்கா கட்டிவிட்டாள். தெருக்குழாயில் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

பிச்சைமணி அண்ணன் ஜீப்பில் மலைக்குச் சாமான் ஏற்றிப் போய் இறங்கும்போது கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் மலையிலிருந்து அனுப்பிய பதினைந்து நாள் கூலி. நோட்டெல்லாம் ஈரம். மேலே மழை பிடித்துவிட்டது போல.

அவர் பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவர். ஐந்து மாதம் ஆகிறது. இங்கே போடிக்கும் அவர் கூலிக்கு இருக்கும் எஸ்டேட்டுக்கும் இரண்டு மணி நேரம்தான். வேலை முடிந்து ஏலக்காய்க் கம்பெனி வாசலில் நின்றால் அந்த மலை எனக்குத் தெரிகிறது. பகலெல்லாம் ஏலக்காய் பொறுக்குகிறேன் - பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. எந்தக் காய் அவர் இருக்கும் பக்கத்திலிருந்து வந்ததோ என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்.

போன வருடம் சித்திரை வெயிலில் நாங்கள் மலையில் குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டம் மொத்தமும் கருகியது. தெருவில் பாதி வீட்டில் கைமாற்று வாங்கிப் போட்ட செடி. அதன்பிறகு அதே மலையில் இன்னொருவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். "கொஞ்சம் அடைச்சிட்டு வர்றேன்" என்றார். அடைத்தது கொஞ்சம்தான். பொங்கலுக்கு வந்ததோடு சரி.

சாயங்காலம் போன் வந்தது. பாறை மேல் ஏறி நின்றால்தான் அவருக்கு சிக்னல். காற்று இரைச்சல்.

"கவர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பிள்ளைக?"

"இருக்குதுக."

"செரி."

அவ்வளவுதான். மழையில் தலை நனையாமல் இருங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கட்டாகிவிட்டது.

ஜூன் 19

முத்துப்பிரியா பள்ளியில் சுற்றுலா போகிறார்களாம். அவள் சொல்லவில்லை, கூடப்படிக்கும் பிள்ளை சொல்லித் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றேன். "பஸ்சுல போனா எனக்கு வாந்தி வரும்மா."

பிறந்ததிலிருந்து அவள் பஸ்சில் வாந்தி எடுத்ததே இல்லை.

ஜூன் 26, வியாழன்

கோணல்மாணலாகத்தான் எழுத வருகிறது.

காய்கறிக் கடையில் கார்த்திகாவின் டீச்சர் சந்திரவல்லியைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இருங்கம்மா. பொம்பளப் பிள்ளை ரெண்டையும் தனியா வளர்க்கிறது பெரிய காரியம்" என்றார். எனக்குப் புரியவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு டிரஸ்டில் மாதாமாதம் பணம் தருகிறார்களாம். கார்த்திகா பெயரைக் கொடுத்திருக்கிறாராம். பத்தாவது முடிக்கும் வரை வருமாம்.

நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சின்னவளை உட்கார வைத்துக் கேட்டேன்.

"டீச்சர் அப்பா எங்கன்னு கேட்டாங்க. அப்பா இல்லன்னு சொன்னேன்."

"எதுக்குடி அப்பிடிச் சொன்ன?"

"நீதான சொல்லச் சொல்லிக் குடுத்த."

"அம்மா இல்லன்னுதானடி சொல்லச் சொன்னேன்!"

"நீ உள்ளுக்க இருக்கும்போதே இல்லன்னு சொல்லச் சொன்ன. அப்பா நெசமாவே இல்லையில்ல?"

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. யாரை அடிக்க?

ஜூன் 27

இன்று குளிக்கும்போதுதான் நினைவு வந்தது. நேற்று டீச்சர் பேசப்பேச என் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலிக் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளியிருக்கிறது. தங்கம் அடகில். வெறும் மஞ்சள் கயிறுதான், மஞ்சள் துண்டு கோத்தது. அதைத்தான் மறைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் மனுசனை.

என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஏன் அன்னக்கொடி, எதுக்காக? அந்தக் காசுக்காகத்தானே? ஆமா. காசுக்காகத்தான். அது வந்தால் செவ்வாய்க்கிழமை ஒளிய வேண்டாம் என்று நினைத்தேன். பெரியவளைச் சுற்றுலாவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். தகப்பன் ஐந்து மாதமாக இல்லாத வீடுதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

ஜூலை 1

வசூல்காரரிடம் சின்னவளைப் பேச விடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் உள்ளேயே சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். அது அதைவிட மோசமாக இருந்தது.

சின்னவள் பையில் டிரஸ்ட் விண்ணப்பம். டீச்சரே பாதி நிரப்பி அனுப்பியிருக்கிறார். முத்து முத்தான கையெழுத்து. தந்தை பெயர் என்ற இடத்தில் 'லேட் ஜக்கையன்'.

நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஜூலை 3

போடவில்லை. கிழிக்கவும் இல்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

சின்னவளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய் வந்தேன். பெரியவளுக்கு மறுநாள் பரீட்சை, வீட்டில் இருந்துகொண்டாள். பிச்சைமணி அண்ணன் ஜீப்பில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து போனோம். வீட்டுக்காரரிடம் முன்னால் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

போடிமெட்டு தாண்டியதும் மூடுபனி. எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், கடைசி வீடு. வாசலில் அவர் குத்தவைத்து, காலில் கடித்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். தாடி. சட்டை தோளில் தொங்குகிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சின்னவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெற்ற தகப்பனைப் பார்த்து.

விண்ணப்பத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். படித்தார். மறுபடியும் படித்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா செத்துட்டேன்னா ஆத்தா சொன்ன?"

"இல்லன்னுதான் சொன்னேன்" என்றாள், என் சேலைக்குள்ளிருந்து.

தாளை என்னிடமே திருப்பி நீட்டி, "பிள்ளை சொன்னதுல என்ன தப்பு இருக்கு? போட்டுரு கையெழுத்த. பிள்ளைகளுக்கு ஆகும்ல" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ. பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது.

"காசு அனுப்புனாப் போதும்னு நெனச்சியா? கவருக்குள்ள புருசன் வருவானா?"

பதினாறு வருடத்தில் அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை.

"வெறுங்கையோட எப்பிடி வருவேன், அன்னம்? தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் வாங்கியிருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்க?"

"அதே தெருவுலதான நான் தெனமும் நடக்குறேன்? எனக்கு மூஞ்சி இல்லையா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

முதலாளி வீட்டு மலையாளத்துச் சேச்சி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தார். "மோளே, வா" என்று சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய் பிஸ்கட் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் சட்டையில் புகையும் ஈரமும் ஏலக்காயும் கலந்த வாசனை. சண்டை போட்ட வாயோடு, தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. சாயவில்லை. ஜீப்பு ஹாரன் அடித்தது.

இறங்கும்போது சின்னவள் மடியில் தூங்கிவிட்டாள். வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தேன். பனி.

ஜூலை 7

அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போனேன். கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். "டீச்சர், அவ அப்பா உசுரோட இருக்காரு. மலையில வேல பாக்குறாரு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க."

சந்திரவல்லி டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "எதுக்கும்மா தலையாட்டுனீங்க?" என்றார். என் வெறும் மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். அவரே புரிந்துகொண்டார் போல. அதே வகுப்பில் நிஜமாகவே தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை ஒன்று இருக்கிறதாம். டிரஸ்ட் பணம் அந்தப் பிள்ளைக்குப் போகுமாம்.

நல்லதுதான். சந்தோசம்தான். ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பணத்தை இழந்த மாதிரியே இருந்தது. இந்த நோட்டிலாவது பொய் எழுத மனசில்லை.

ஜூலை 8

வாசலில் உட்கார்ந்திருந்தேன். வசூல்காரர் வந்ததும் இருந்ததைக் கொடுத்து, மிச்சம் சம்பளத்தன்றைக்கு என்றேன். சத்தம் போட்டார். தெருவே கேட்டது. கேட்கட்டும். மொக்கம்மாள் அக்கா வந்து நின்று, "அவதான் சொல்றால்லய்யா, ஓடியா போயிட்டா?" என்றாள்.

ஜூலை 20

கவர் வரவில்லை. பிச்சைமணி அண்ணன் வெறுங்கையை விரித்தார். "ஒண்ணும் குடுக்கலையே தங்கச்சி."

ஜூலை 24

போனும் இல்லை. நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அத்தனை பேர் பார்க்க... ஏதாவது செய்துகொண்டாரோ? கடவுளே. கம்பெனியில் காயை மாற்றி மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கினேன். 'லேட்' என்ற எழுத்து கண்ணிலேயே நிற்கிறது.

ஜூலை 27

பிச்சைமணி அண்ணன் அவரை நேரில் பார்த்தாராம். நன்றாகத்தான் இருக்கிறாராம். "வர்றேன்னு சொல்லச் சொன்னாரு" என்றார். என்றைக்கு என்று சொல்லவில்லையாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. பதினெட்டாம் பெருக்கு

மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மொக்கம்மாள் அக்கா ஓடிவந்தாள்.

"ஏ அன்னம், வெரசா வா. ஒன் வீட்டுக்காரரு வந்துட்டாரு."

"எங்க?"

"தெருமொனையில. ஒவ்வொரு வீடா நின்னு பேசிட்டு வர்றாரு."

வாசலுக்கு வந்தேன். பட்டப்பகல். தாடியை எடுத்திருந்தார். முதல் வீட்டில் நின்று, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ சொன்னார். காசு கொஞ்சம் கொடுத்தார். அடுத்த வீடு. அங்கே ஒரு கிழவர் கையை ஆட்டி ஆட்டி ஏசினார். குனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த வீடு. அனுப்பாமல் வைத்திருந்த கூலியெல்லாம் இதற்குத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

இருபது வீட்டைக் கடந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஏழு மாதம் காத்திருந்தவள்தான். அந்த ஒரு மணி நேரம்தான் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாமா என்றிருந்தது. போகக் கூடாது என்றும் தெரிந்தது. பெரியவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் ஒவ்வொரு வீடாக எண்ணினாள்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது பை காலி. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"தண்ணி கொண்டா, ஆத்தா" என்றார் சின்னவளிடம். கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 5

இனி மேலே தங்கவில்லையாம். தினக்கூலிக்கு விடியற்காலை ஜீப்பில் ஏறிப்போய்ச் சாயங்காலம் இறங்கி வந்துவிடுவாராம். ஜீப்புக் காசு போனால் கையில் குறைவுதான் நிற்கும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க" என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

எழுதிப் பல நாள் ஆகிவிட்டது. கடன் அப்படியேதான் இருக்கிறது. இன்னும் மூன்று வருடமாவது ஆகும். செவ்வாய்க்கிழமைகளில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

இன்று கம்பெனி சீக்கிரம் விட்டது. நேரே வீட்டுக்குப் போகாமல் ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். எப்படியும் வீட்டுக்கு வரப்போகிறவர்தான். ஆனாலும் போய் நின்றேன். மூன்றாவது ஜீப்பில் பின்பக்கம் தொற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"என்ன, பிள்ளைகளுக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

என் சாப்பாட்டுக் கூடையை வாங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்கு நாலு போண்டா வாங்கினோம். இருட்ட இன்னும் நேரம் இருந்தது, கடைத்தெரு வழியாக நடந்தோம். அவருக்கு எப்போதும் வேக நடை.

"கொஞ்சம் மெதுவா நடங்க" என்றேன்.

"ஏன், கால் வலிக்குதா?"

"இல்ல."

திரும்பி ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மெதுவாக நடந்தார்.