வாட்ச்மேன் கால் நேராக நிற்கும் வரை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் நலம், என் கோபமும் ஒரு குறையில்லாமல் நலமாக இருக்கிறது. அங்கே நீயும் மருமகளும் குட்டிப் பயலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன், அதில் மட்டும் கோபத்தைக் கலப்பதில்லை. இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று அப்பா கேட்டார். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

விஷயம் இதுதான். உன் கம்பெனியில் இன்டர்ன்ஷிப்புக்கு ஓர் இடம் இருக்கிறது, தங்கச்சியை உடனே அனுப்பு என்று போன வாரம் சொன்னாயே, அவள் வரவில்லை. இதே இடத்தைக் காலேஜ் லீவு தொடங்குமுன் நான் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "எங்க ஆபீஸ்ல சிபாரிசெல்லாம் எடுபடாதும்மா, அவளே தேடிக்கட்டும், அப்பதான் உலகம் புரியும்" என்றாய். கூடப் பிறந்தவளுக்கு ஒரு நாற்காலி போட உனக்கு மனசு வரவில்லை. அப்பா வழக்கம்போல "விடு, அவன் நியாயத்தைத்தானே சொல்றான்" என்றார். நியாயம் ஊராருக்குச் சொல்வது, வீட்டுக்குச் சொல்ல வேறு வார்த்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அவரோடும் பேசவில்லை. அவளோ எங்கெங்கோ எழுதிப் போட்டு, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் இடம் வாங்கிவிட்டாள். மெஷின் படிக்கிற பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் என்னடி வேலை என்று கேட்டேன். "காலும் ஒரு மெஷின்தாம்மா, சர்வீஸ் சென்டர் மட்டும்தான் கிடையாது" என்று சிரித்தாள்.

ஆரம்பத்தில் மாவுக்கட்டுப் பொடி கரைப்பதும் தரை துடைப்பதும்தான். தலையெல்லாம் வெள்ளையாக வருவாள், எனக்கு முன்னால் நரைத்தவள் போல. கூடப் படிக்கிறவர்கள் கண்ணாடிக் கட்டடத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்த நாளும் உண்டு. பிறகு அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மாள் இவளை நம்பி ஒரு மனிதரைக் கொடுத்தார். பள்ளிக்கூட வாட்ச்மேன், விபத்தில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அளவெடுப்பதிலிருந்து நடக்கவிட்டுப் பார்ப்பதுவரை இவள் செய்ய வேண்டும், அந்த அம்மாள் கூட இருந்து பார்ப்பார். இவள் செய்தாள். பட்டறைத் தரையில் அவர் தூணைப் பிடிக்காமல் நடந்தாராம், எல்லோரும் கை தட்டினார்களாம். அன்றைக்கு வீட்டில் இவள் நடந்த நடையைப் பார்த்தால் இவளுக்குத்தான் புதுக்கால் வைத்தது போல் இருந்தது.

ஒரே வாரம். அந்த மனிதர் டியூட்டிக்குப் போய், குதிகால் உயர்ந்த கனமான ஷூவைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறக்கப் போயிருக்கிறார், முட்டி முன்னால் தள்ளி, பிள்ளைகள் பார்க்கக் குப்புற விழுந்துவிட்டார். உள்ளங்கை தேய்ந்ததோடு போயிற்று. நேராகப் பட்டறைக்கு வந்து, "இந்தக் கால் என்னைவிட அவசரமா இருக்கு பொண்ணு, நான் நிக்கணும்னா அது ஓடணுங்குது" என்றாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், இவள் சிரிக்கவில்லை. நடந்தது என்னவென்றால், இவள் எல்லாவற்றையும் வெறுங்காலோடு நிற்கவைத்துச் சரிபார்த்திருக்கிறாள். பகலெல்லாம் அவர் என்ன போட்டுக்கொண்டு நிற்பவர் என்று கேட்கத் தோன்றவில்லை. நமக்குக் கணுக்கால் இருக்கிறது, எந்தச் செருப்புக்கும் வளைந்து கொடுக்கும். அந்தக் கால் வளையாது, குதிகால் உயர்ந்தால் ஆளையே முன்னால் சாய்க்கும். பொறுப்பு அம்மாள் திட்டவில்லை. "கேட்காதது நீ மட்டும் இல்ல, நானும்தான் கேட்கல, கழட்டி மறுபடி பார்ப்போம், வியாழக்கிழமை வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் இவள் பையை வாசலிலேயே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து உன் போன். இடம் இருக்கு, திங்கட்கிழமையே வந்துடு என்று நீ சொல்ல, இவள் துள்ளி எழுந்து துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. நீ அனுப்பியது வேலை இல்லை, தப்பி ஓட வீட்டுக்குப் பின்புறம் சாத்திவைத்த ஏணி. நான் பெட்டியைப் பிடுங்கி, எங்கே வேண்டுமானாலும் போ, அந்த மனுஷன் கால் நேராக நின்றபிறகு போ என்றேன். "உனக்கு அண்ணன் மேல கோபம், அதைக் கொண்டுவந்து என் தலையில கொட்டாதே" என்று கத்தினாள். அதில் பாதி உண்மை, அதனால்தான் எனக்கு முழுதாக வலித்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். அப்பா எங்களுக்கு நடுவில் தபால்காரர் ஆனார், "உப்பு கேக்கறா", "இந்தா குடு" என்று.

புதன்கிழமை இவள் என் கடைக்கு வந்து நின்றாள். சோபா உறை வெட்டிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. "நாற்காலிக்கு வைப்பியே, அமுங்காத ஃபோம், அதுல ஒரு துண்டு வேணும்" என்றாள். எதற்கு என்று கேட்டால் பேசிவிட்டது போல் ஆகிவிடும் என்று நல்லதாகப் பார்த்து ஒரு துண்டை எடுத்து மேஜையில் வைத்தேன். எவ்வளவு கனம் என்று விரலால் காட்டினாள், சீவிக் கொடுத்தேன். வியாழக்கிழமை என்ன ஆயிற்று என்றால், வாட்ச்மேனிடம் போடுகிற செருப்பு எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள். அவரும் ஒரு மூட்டை கொண்டுவந்து, "கால் வைக்கிறியா, கடை வைக்கிறியா?" என்று கேட்டாராம். டியூட்டி ஷூவுக்கு ஏற்றபடி காலைத் திருத்தி, வீட்டில் போடும் தட்டைச் செருப்பில் குதிகாலுக்கு என் ஃபோமை ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். அவர் இரண்டிலும் நடந்து காட்டினார், மூன்றாவதாகத் தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பளபள ஷூவையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாராம். அன்று மடித்த துணியை இவளே திரும்ப அலமாரியில் வைத்தாள். "லீவு முடியறவரைக்கும் அங்கதான், அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள். அதுதான் சொல்கிறேன். இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்க்கிறாள், விருந்தாளிகள் கூச்சப்படுகிறார்கள்.

நான் உறை தைக்கக் கற்றது பழைய உறையைப் பிரித்துப் பிரித்து. தப்பு வெட்டு விழுந்தால் ஏன் விழுந்தது என்று சொல்ல ஆள் இல்லை, துணி கொடுத்தவர் திட்டுவதிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும். படிக்கிற வயசில் ஓர் உண்மையான தப்பு செய்து, பக்கத்தில் ஒருவர் நின்று "மறுபடி பார்ப்போம்" என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அது கிடைக்காதவளுக்குத்தான் தெரியும். பரீட்சையில் தப்பு செய்தால் மார்க்கு போகும், அவ்வளவுதான். உன்னிடம் வந்திருக்கும் காலேஜ் பிள்ளைகள் ஒன்றுக்கும் உதவுவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சிரித்தாயே, அவர்களை உட்காரவைத்தது யார்? தவறினால் யாராவது தடுமாறுகிற மாதிரி ஒரு வேலையைக் கொடு, கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாமல் கூட நில். தங்கைக்கு வைத்த நாற்காலியை அண்ணன் இல்லாத யாருக்காவது போடு. அன்று நீ மறுத்ததும் தப்பு, இப்போது கூப்பிட்டதும் தப்பு, இரண்டையும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனநிறைவோடு நீடூழி வாழ வேண்டும். முதுகு வலிக்கிறது என்று மருமகளிடம் சொன்னாயாம், என்னிடம் சொல்லவில்லை. நாற்காலியில் சாய ஒரு திண்டு தைத்துத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அடைத்ததால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், சாயச் சாயச் சரியாகிவிடும், மறக்காமல் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் சமாதானம் ஆகாத
உன் அம்மா