பெரியப்பா கிழித்த பதில் கார்டு

கடத்தூர்
12-9-1976, ஞாயிறு

சிரஞ்சீவி மாதுவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நலம். உன் அப்பாவும் நலம், மாடு கன்று உட்பட எல்லோரும் நலம், ஆனாலும் என் நலத்தை முதலில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, போகப் போகத் தெரியும். பிலாய் உருக்காலையில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, உலைச் சூட்டில் நின்றுவிட்டு வந்த கையோடு பச்சைத் தண்ணீரில் குளிக்காதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வைகாசிக்கு வைத்த கல்யாணத்தை இந்த ஐப்பசியிலேயே முடித்துவிடலாம், அம்மா இருக்கும்போதே நடந்தால் நல்லது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று முறை படித்தேன். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் நோட்டுத் திருத்துகிறவள், இதையும் சிவப்புப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். பிறகுதான் இது உன் சொந்தப் புத்தி இல்லை, பெரியப்பா உனக்கு எழுதிக் கொடுத்த புத்தி என்று தெரிந்தது. நேரில் கேட்டேன், மறைக்காமல் ஒத்துக்கொண்டார். "டாக்டரு அன்னிக்கே அஞ்சு வருசம்னு சொன்னாருல்ல, இந்த ஆடியோட அது முடிஞ்சிருச்சு, அப்பறம் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா வருசம் திரும்பற வரைக்கும் பையனுக்குக் கல்யாணம் பண்ண முடியாதுல்ல" என்றார். குத்தகைக் கெடு முடிந்த நிலத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார், பேசப்படுகிறவள் எதிரில் நின்று அவருக்கே காபி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுபத்தொன்றில் என் கழுத்தில் நெறி கட்டியது உனக்கு நினைவிருக்கும். மூன்று மாதம் பத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நிணநீர்ப் புற்று என்றார்கள். உன் அப்பா வராந்தாவில் போய் அழுதுகொண்டு நின்றதால் டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டது பெரியப்பாதான். பத்துப் பேரில் நாலு பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள், தாண்டிவிட்டால் அதற்குப் பிறகும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னாராம். அதை இப்போது அவர் வாயாலேயே முழுசாகச் சொல்ல வைத்தேன். இத்தனை நீளச் சொல்லில் அந்த மனிதர் மடியில் முடிந்துகொண்டு வந்தது ஐந்து வருஷம் என்பதை மட்டும்தான். தாண்டினால் பிழைப்பு என்று சொன்னதை, அதோடு ஆயுள் சரி என்று எடுத்துக்கொண்டு, இத்தனை நாளும் எனக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னும் கேள். கழுத்துக்குக் கரண்ட் வைத்து, அதுதான் அந்தக் கதிர் வைத்தியம், அது முடிந்து இரண்டு வருஷம் ஆறு மாதத்துக்கொரு முறை போய்க் காட்டிவிட்டு வந்தேன். இனி வருஷத்துக்கு ஒரு தரம் கார்டு போடுவோம், அதில் பதில் எழுதிவிட்டுப் புறப்பட்டு வாங்க என்று சொல்லி அனுப்பினார்கள். எழுபத்துநாலில் கார்டு வரவில்லை, எழுபத்தைந்திலும் வரவில்லை, சரி, நமக்குக் குணமாகிவிட்டது போல, மறந்துவிட்டார்கள் என்று நானும் இருந்துவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாளே தபால்கார நூர் பாஷா பள்ளிக்கூடத்துக்கே வந்து, "டீச்சர், மெட்ராஸ் கார்டு இதோட மூணாவதுங்க, ரெண்டையும் உங்க வூட்டுப் பெரியவரு கையிலதான் குடுத்தேன், பதிலு போடவே இல்லீங்களா" என்று கேட்டு இந்த வருஷத்துக் கார்டை என் கையில் கொடுத்தார். அச்சடித்த கார்டு. நோயாளி நலமா, வேலை செய்கிறாரா, இறந்திருந்தால் இறந்த தேதி என்று கட்டம் கட்டமாக இருந்தது. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு உன் பெரியப்பா, சாவுக் கடுதாசியை வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவோமே அதைப்போல, இரண்டு வருஷமும் கிழித்துச் சாக்கடையில் போட்டிருக்கிறார். "உசுரோட இருக்கறவளுக்குச் சாவுத் தேதி கேக்கற கடுதாசிய வூட்டுக்குள்ள விடலாமா" என்று என்னையே கேட்கிறார். அதில் பாசம் இருக்கிறது, எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. சாவு என்ற சொல்லை வாசல் தாண்ட விடாதவர், உனக்கு எழுதின கடிதத்தில் அதை உட்காரவைத்து இலை போட்டிருக்கிறார். உன் அப்பாவுக்கும் தெரியும், அண்ணன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, உன் அப்பாவை இழுத்துக்கொண்டு மொரப்பூரில் ரயில் ஏறினேன். டாக்டர் கழுத்து, அக்குள் எல்லாம் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார், நோய் இல்லை என்றார். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், பேரேடு வைத்திருக்கும் குமாஸ்தா என் பெயரைத் தேடி எடுத்தார். கார்டுக்குப் பதில் வராதவர்களை இறந்தவர்களோடு சேர்த்துத்தான் எழுதுவோம் என்று சாதாரணமாகச் சொன்னார். மாது, நான் எழுபத்துநாலிலேயே செத்துப்போயிருக்கிறேன். என்னோடு எழுபத்தொன்றில் சேர்ந்த நூற்றுச் சொச்சம் பேரில் முப்பது பேருக்கு மேல் பதிலே இல்லையாம், அத்தனை பேரும் பத்தில் நாலு போக மிச்சமுள்ள அந்த ஆறு பங்கில்தான் கிடக்கிறார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் போனதை நானே கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த முப்பது பேரில் எத்தனை பேர் இப்போது மாடு கறந்துகொண்டிருக்கிறார்களோ, எத்தனை வீட்டு வாசலில் ஒரு பெரியப்பா நிற்கிறாரோ, யார் கண்டது. என் கண் முன்னால் அதை அடித்து, உயிரோடு என்று எழுதச் சொன்னேன். "ஒரு ஆளுனால கணக்கு மாறாதும்மா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

மாறாதா. அன்றைக்குக் காலையில் அதே வராந்தாவில் ஒகேனக்கல் பரிசல்காரர் கருப்பண்ணன் என்பவரைப் பார்த்தேன், அவர் பெண்சாதி நஞ்சம்மாளுக்கு இருபத்திரண்டு வயசு, எனக்கு வந்த அதே நோய், கழுத்தில் அதே இடம். டாக்டர் அவருக்கும் அந்தப் பத்துக்கு நாலைத்தான் சொல்லியிருக்கிறார். "ஆறு பேரு போறாங்கன்னா எதுக்குங்க இவளப் போட்டு வாட்டணும், வூட்லயே நிம்மதியா இருக்கட்டுங்க" என்று சொல்லி, நான் குமாஸ்தாவிடம் போய்விட்டு வருவதற்குள் அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வைத்தியமும் செய்யாமல். அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. என் வீட்டில் கிழித்த கார்டு அந்தப் பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

நேற்று பஸ் ஏறி ஒகேனக்கல் போனேன். உன் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், வரமாட்டேன் என்று முறுக்கினார், விடவில்லை. கரையில் கருப்பண்ணனைக் கண்டுபிடித்து, முந்தானையை விலக்கி, கரண்ட் வைத்துக் கறுத்துப்போன கழுத்தைக் காட்டினேன், அந்தப் பேரேட்டில் செத்தவள் நான்தான் என்றேன். அவர் நம்பாமல் பெரியப்பாவைப் பார்த்தார். "ஆமாப்பா, ஆஸ்பத்திரி கார்ட நாந்தான் கிழிச்சேன்" என்றார் பெரியப்பா. கருப்பண்ணன் பெண்சாதியை அனுப்பச் சம்மதித்தார். நாளைக்கு மொரப்பூரில் நஞ்சம்மாளோடு நானும் ரயில் ஏறுகிறேன். அவள் பிழைப்பாள் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கே தினமும் குளிக்கும்போது கை கழுத்துக்குப் போகிறது, பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

கல்யாணம் வைகாசியில்தான், சம்பந்தி வீட்டுக்கும் எழுதிவிட்டேன், முதல் வரிசையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்காருவேன். நீயும் உன் வருங்கால மனைவியும் பதினாறும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும். இந்த வருஷத்துக் கார்டை நானே நிரப்பிப் போட்டுவிட்டேன், கடைசிக் கட்டத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். என்றைக்காவது அந்தக் கட்டத்தையும் யாராவது நிரப்பத்தான் வேண்டும். அது நீயாக இரு. கிழித்துப் போடாதே, தேதியைச் சரியாக எழுதித் தபாலில் போடு.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அம்மா
ரா. தீர்த்தம்மாள்