இரண்டு பேர் வேண்டிய கார்

கையில் மண்ணெண்ணெய் மணக்கிறது. இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தேசிக்காய்த் தோலாலும் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. எழுதுகிற தாளிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று காலை அடம்பனில் ஒரு பழைய காரின் எண்ணெய்க் குழாயைத் தொட்டுப் பார்த்ததன் விளைவு.

நீர் இருந்திருந்தால் படலையிலேயே கண்டுபிடித்திருப்பீர். "எங்கை, எந்தத் தகரத்தைத் தடவிப்போட்டு வாறியள்?" என்று கேட்டிருப்பீர். கேட்க ஆள் இல்லாததால் நானே சொல்கிறேன்.

முதலில் செய்தி. எங்கள் வெள்ளைக் காரை விற்க நினைத்திருந்தேன். அரிப்புக் கிராமத்தில் இருந்து ஓர் ஆசிரியர் சனிக்கிழமை வந்து எடுத்துப் போவதாக இருந்தது. இன்று மாலைக்குள் தொலைபேசியில் கடைசிச் சொல் சொல்வதாக அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதைக் கொடுத்துவிட்டு நான் வாங்க இருந்தது ஒரு பழைய ஏ போர்ட்டிக் கார். உமது ஊரான அடம்பனில் உழவு இயந்திரம் திருத்துகிற ரஞ்சனின் கொட்டிலில் நிற்கிறது. நாங்கள் வைத்திருந்ததைப் போலவே மூக்கு உருண்ட இங்கிலாந்துக் கார். நிறம் மட்டும் வேறு. எங்களுடையது கறுப்பு, இது பச்சை.

வெள்ளைக் காரைப் பற்றி முறைப்பாடு சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது தெரியும். ஒன்பது வருடத்தில் அது ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. பொத்தானை அமர்த்தினால் புறப்படும். குளிரூட்டி குளிரூட்டும். பின்னால் எடுக்கும்போது எதிலாவது முட்டுவதற்கு முன் கத்தும். மன்னார்ப் பட்டினத்தில் அதே வெள்ளையில் அதே கார் எத்தனை என்று நான் எண்ணியதில்லை. போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றின் கதவை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவர் வந்து, "ஐயா, அது என்ர. உங்கட அங்காலை நிக்குது போல" என்றார். பார்த்தேன். அங்காலை நின்றதும் என்னுடையது இல்லை.

அந்தக் காரில் எனக்குப் பிடித்த ஒரே விடயம், புறப்படும்போது அது பேசும் யப்பானிய மொழி. ஏதோ ஒரு பெண் குரல் ஏதோ ஓர் அட்டையைக் கேட்கிறது என்று இறக்குமதி செய்தவர் சொன்னார். நிறுத்தும் வழி அவருக்கும் தெரியவில்லை. நீர் அதற்கு ஒவ்வொரு நாளும் மரியாதையாகப் பதில் சொல்வீர். "ஓம் பிள்ளை, விளங்குது. நாளைக்குத் தாறம்."

அதற்குள் இருந்துகொண்டே நான் வழியெல்லாம் வேறு கார்களைப் பார்ப்பேன். தலைமன்னார் வீதியில் ஒரு வளவுக்குள் மூன்று கதவுடன் நின்ற மொறிஸ் மைனர். முருங்கனில் ஆமை முதுகுக் கார் ஒன்று; அதற்குள் கோழி அடைகிடந்தது. நான் வேகத்தைக் குறைத்தால் நீர் வெளியே பார்க்காமலே சொல்வீர்: "இஞ்சாருங்கோ, றோட்டைப் பாருங்கோ. நான் போன பிறகு எந்தத் தகரத்தையும் வாங்கி ஓட்டுங்கோ. அதுமட்டும் இதிலை இருங்கோ."

எத்தனை முறை சொன்னீர்! நானும் சிரித்துக்கொண்டு, "எழுத்திலை தாரும்" என்பேன்.

நீர் போய் இரண்டு வருடமாகிறது. நீர் தந்த அனுமதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அதுதான் இத்தனை நாளும் என்னைத் தடுத்தது. நான் ஒரு பழைய கார் வாங்கினால், இதற்காகத்தான் இவன் காத்திருந்தான் என்று ஆகிவிடாதா? வேறு எவரும் அப்படி நினைக்கப்போவதில்லை. நினைப்பவன் நான். வாங்காமல் இருந்தாலோ, அதே வெள்ளைக் கார், அதே சத்தமின்மை, பக்கத்தில் வெறும் இருக்கை. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த இரண்டு வருடமும் போயிற்று. பிறகு ரஞ்சனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எங்கள் ஏ போர்ட்டி வந்த நாட்கள் நினைவிருக்கிறதா? யுத்தம் ஓய்ந்து பாதை திறந்ததும், யாழ்ப்பாணத்தில் இருந்து அதை ஓட்டி வந்தேன். பெற்றோல் வராத வருடங்களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். பெற்றோலுக்கு மாறிய பிறகும் இருக்கைத் தும்புக்குள் அந்த மணம் ஊறிக் கிடந்தது. நீர் தபால் கந்தோர் வேலைக்கு அதில் வந்து இறங்கினால், "அக்கா, எண்ணெய்க் குக்கர் பத்த வைச்சுப்போட்டோ வாறியள்?" என்று கேட்பார்களாம்.

அது தானாகப் புறப்படாது. முன்னால் கம்பி போட்டுச் சுற்றும் துளை இருந்தது, கம்பி இல்லை. மேட்டில் நிறுத்தி உருட்டிவிடலாம் என்றால் மன்னார்த் தீவில் மேடு எங்கே? தள்ளத்தான் வேண்டும். காலையில் உப்புக்குளத்தில் எங்கள் ஒழுங்கைக்கு அது ஒரு காட்சி. நான் பின்னால். நீர் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில். கார் ஓட்ட உமக்குத் தெரியாது. தெரிந்தது மூன்று விடயம்: இரண்டாம் கியரில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருப்பது, நான் "விடும்!" என்று கத்தியதும் விடுவது, எஞ்சின் பிடித்ததும் திரும்ப மிதிப்பது. பிறகு நான் ஓடி வந்து ஏற, நீர் இடப்பக்கம் நகர்ந்து இருப்பீர்.

அங்கேயும் உமக்கு வேலை உண்டு. திரும்பும் பக்கத்தைக் காட்ட அந்தக் காரில் விளக்கு இல்லை. கதவுத் தூணுக்குள் இருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை எழும்பும். வலக்கை ஒழுங்காக எழும்பும். இடக்கை, தூணில் குத்தினால்தான். நான் "இடம்!" என்பேன். நீர் ஒரு குத்துக் குத்துவீர். வீட்டில் நான் ஏதாவது பிழைவிட்டால் அன்றைக்குக் குத்து பலமாக விழும்.

எதிர்வீட்டு முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் கருவாட்டு வியாபாரி, பல்துலக்கிக்கொண்டே தினமும் வேலிக்கு வருவார். "என்ன தம்பி, மாடு எழும்பமாட்டனெண்டுதோ?" என்பார். பிறகு வேப்பங்குச்சியை வாயில் கடித்துக்கொண்டு ஒரு கை கொடுப்பார். இறால் பண்ணைக்காக ஆற்றோரம் கண்டல் மரங்களை வெட்டுகிற கதையை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான், அப்படித் தள்ளும்போது. அந்தக் கார் நின்ற இடங்களில் எல்லாம் யாராவது வந்தார்கள், தள்ளினார்கள், தள்ளிய உரிமையில் ஏதாவது சொன்னார்கள். பத்திரிகைக்கு நான் எழுதிய நல்ல செய்திகளில் பாதி அப்படி வந்தவை. வெள்ளைக் காரைத் தொட்டுப் பேசியவர் ஒருவரும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை, கோட்டைப் பக்கத்து வெளியில் தள்ளினேன். "விடும்!" என்றேன். எஞ்சின் பிடித்தது. நீர் கிளட்ச்சை மிதிக்கவில்லை. கார் உம்மைக் கொண்டு போயிற்று. வெளியைச் சுற்றி வளைத்துத் திரும்பி என்னைக் கடந்தீர்.

"இஞ்சாருங்கோ! என்னெண்டு நிப்பாட்டுறது?"

"நிப்பாட்டாதையும்! நிப்பாட்டினா நான் திரும்பத் தள்ள வேணும்!"

"அப்ப என்ன செய்ய?"

"சுத்தும்!"

சுற்றினீர். மேய்ந்துகொண்டிருந்த கழுதைகள் ஒதுங்கி வரிசையாக நின்றன. நான் குறுக்கே ஓடி ஏறப் பார்த்தேன், முடியவில்லை. மீன் கூடையுடன் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஐயா, கழுதையே விலகுது. நீங்கள் ஏன் குறுக்கை ஓடுறியள்?" என்றார். ஐந்து சுற்று. நான்காவது சுற்றில் நீர் யன்னலால் கையை வெளியே போட்டிருந்தீர். அதை நான் அப்போதே கவனித்தேன். நிறுத்தத் தெரியாதவர் அப்படிக் கை போடமாட்டார்.

அந்தக் கார் எங்களிடம் ஆறு வருடம் நின்றது. அது போன கதையை நான் எப்போதும் ஒரு விதமாகத்தான் சொல்லி வந்தேன். அம்மணிக்கு மண்ணெண்ணெய் மணம் தலையிடி, அதனால் விற்றோம் என்று. நீர் சொன்ன காரணம் அது. ஆறு வருடம் வராத தலையிடி ஒரு பங்குனி மாதத்தில் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன், வீட்டில் கேட்கவில்லை.

அந்தப் பங்குனியில் ஒரு நண்பகல். தள்ளாடிச் சந்தியில் வத்தகைப்பழம் வாங்க நிறுத்தினோம். விற்றவர் ஒரு கிழவர். அவரைத் தள்ளச் சொல்ல முடியாது. நான் மட்டும் தள்ளினேன். மூன்றாவது முறை எஞ்சின் பிடித்தது. அதோடு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவிலேயே குந்திவிட்டேன். கொஞ்ச நேரம்தான். தார் சுட்டதில் தெளிந்துவிட்டேன். ஆனால் முன்னால் சத்தம் இல்லை. நீர் எஞ்சினைச் சாக விட்டுவிட்டீர்.

எழும்பி வந்து சத்தம் போட்டேன். "ஏன் விட்டனீர்? ஸ்ரார்ட் வந்ததெல்லே!"

தண்ணீர்ப் போத்தலை நீட்டினீர். ஒரு லொறிக்காரர் இறங்கித் தள்ளிவிட்டார். வீடு வரும்வரை நான் கோபமாக இருந்தேன். அடுத்த கிழமை தலையிடி வந்தது. அதற்கடுத்த மாதம் வெள்ளைக் கார் வந்தது. "ஏறினா போய்ச் சேர வேணும், அவ்வளவுதான்" என்றீர். உமக்கு வயது போகிறது, ரசனை குறைகிறது என்று நான் நினைத்தேன். அதை ஒருமுறை வாய்விட்டும் சொன்னேன்.

இன்று காலைக்கு வருகிறேன். ரஞ்சன் நல்ல உடம்புக்காரர், நாற்பது வயது இருக்கும். எண்ணெய்க் குழாயை, சில்லை, மஞ்சள் கையை எல்லாம் காட்டினார். பற்றரி மட்டும் இறங்கிப்போயிற்று என்றார். நான் பழக்கத்தில் பின்னால் போய்க் கையை வைத்தேன்.

"என்ன ஐயா இது, நீங்கள் போய் ஏறி இருங்கோ. நான் தள்ளுறன்."

ஏறி இருந்தேன். இரண்டாம் கியர். கிளட்ச்சை மிதித்தேன். தள்ளுகிற காரில் அந்த இருக்கையில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஆறு வருடமும் அது உமது இடம். கார் மெல்ல நகர்ந்தது. தலைக்கு மேல் இருந்த கண்ணாடியைத் தற்செயலாகப் பார்த்தேன்.

அதில் வேறு ஒன்றும் தெரியவில்லை. வயல் இல்லை, கொட்டில் இல்லை. பின்யன்னல் சின்னது. அதற்குள் ரஞ்சனின் முகம் மாத்திரம் நிறைந்து நின்றது. வாய் திறந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் இறுகி. பின்னால் குனிந்து தள்ளும்போது நம்மை ஒருவரும் பார்ப்பதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். தள்ளுகிறவனின் முகம் முன்னால் இருப்பவருக்கு இப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

நீர் ஒவ்வொரு காலையும் இதைப் பார்த்தீர். எனக்கு வயது ஏறுவதை இந்தக் கண்ணாடியில் பார்த்தீர். தள்ளாடியில் அந்த முகம் கண்ணாடியில் இருந்து கீழே போய் மறைந்ததையும் பார்த்தீர். கிளட்ச்சில் இருந்து காலை எடுத்தீர், எஞ்சின் செத்தது. தலையிடி என்றீர். உண்மையைச் சொன்னால் நான் இன்னும் கொஞ்சம் தள்ளிக் காட்டியிருப்பேன் என்று உமக்குத் தெரியும்.

"விடுங்கோ ஐயா!" என்று ரஞ்சன் கத்தினார். விட்டேன். எஞ்சின் பிடித்தது. நல்ல எஞ்சின்தான். வரம்போரம் கொஞ்சத் தூரம் போய் நிறுத்தினேன்.

ரஞ்சன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "எப்பிடி? சத்தத்தைக் கேட்டியளோ?"

"நல்ல சத்தம். ஆனா இதுக்கு ரெண்டு பேர் வேணும், தம்பி."

"ஐயோ ஐயா, அதுக்கே யோசிக்கிறியள்? புதுப் பற்றரி போட்டுத் தாறன். சாவியைத் திருப்பினாப் போதும். தள்ளுற கதையே இல்லை."

"தள்ளத் தேவையில்லாத கார் என்னட்டை இருக்குத்தானே."

அவர் என்னையும், வாசலில் நின்ற வெள்ளைக் காரையும், தன் சேட்டில் வழிந்த வியர்வையையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் பொறுமைசாலி. தேநீர் குடிக்காமல் போக விடவில்லை.

வரும் வழியெல்லாம் எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. வெள்ளைக் காரில் எனக்கு இன்னும் ஆசை வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் முப்பது வருடம் இந்தப் பக்கத்தில் செய்தி சேகரிக்கப் போனவனை, போனவன் வருவானா என்று வாசலில் பார்த்திருந்தவர் நீர். என் வாழ்க்கையில் ஒரு விடயமாவது சலிக்கிற அளவுக்குச் சுகமாக இருக்க வேண்டும் என்று நீர் ஆசைப்பட்டிருக்கலாம். அந்த ஆசையைச் சுமந்துகொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

மாலையில் அரிப்பு ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்து, கார் கொடுக்கவில்லை என்றேன். அவருக்கு என்னைத் தெரியாது, வீட்டு விபரமும் தெரியாது.

"ஏன் சேர், பிறகு மனம் பிடிச்சிட்டுதோ?"

"இல்லை. எனக்கு அதை இப்பவும் பிடிக்கேல்லை."

"அப்ப?"

"வீட்டிலை விடமாட்டினம்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அப்பிடியெண்டா சரி சேர். அதுக்கு மேலை கதைக்க ஏலாது."

தொலைபேசியை வைத்த பிறகு, சொன்னதை ஒருமுறை சரிபார்த்தேன். பழைய தொழில் வழக்கம். திருத்தம் போட வேண்டிய இடம் எதுவும் தென்படவில்லை.