ஆடுறது நான்தான்

மார்ச் 3
இன்றும் டேபிள் டென்னிஸ் கிளப்பில் எல்லாரிடமும் தோற்றேன். தொட்டாலே பந்து மேசையைத் தாண்டிப் பறக்கிறது. "பதறாதே, பதறாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். அங்கே அவர் கேப்டன்; வீட்டில் என் புருஷன்.

நான் எங்கே பதறினேன்? பேட்தான் பதறுகிறது. கார்பன் வைத்த வேகமான பேட், அவர் கழித்துப் போட்டது. கல்யாணமானதிலிருந்து அவர் கழித்ததுதான் எனக்கு. மாதக் கடைசியில் டீம் தேர்வு. இந்தத் தடவை உள்ளே போயே தீருவேன்.

மார்ச் 7
தனியாகவே கடைக்குப் போனேன். "சார் வரலையா?" என்றார் கடைக்காரர்.

"ஆடுறது நான்தான்."

சிரித்துவிட்டார். "அப்போ நீங்க எப்படி ஆடுவீங்கன்னு சொல்லுங்க."

இதுவரை ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லையே! யோசித்துச் சொன்னேன்: "நான் அடிக்க மாட்டேங்க. அடிக்கிறவங்க அலுத்துப்போற வரைக்கும் திருப்பி அனுப்பிக்கிட்டே இருப்பேன்."

கார்பன் இல்லாத, முழுக்க மரத்தாலான பிளேடு, அதாவது ரப்பர் ஒட்டாத வெறும் பலகை, ஒன்றை எடுத்து வைத்தார். வேகம் குறைவு, பந்து சொன்ன பேச்சு கேட்கும். ஃபோர்ஹேண்டுக்கு மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த சாதா ரப்பர். பேக்ஹேண்டுக்கு நீள நீளமாகக் குமிழ் துருத்திய பிம்பிள்ஸ் ரப்பர். எதிராளி சுழற்றி அடித்தால் அந்தச் சுழற்சியை அவர் தலையிலேயே கட்டிவிடுமாம். எனக்குன்னே செஞ்சது!

மார்ச் 8
"இதை வெச்சு ஈ ஓட்டலாம்" என்கிறார் என் புருஷன். ஓட்டிட்டுப் போறேன், உங்களுக்கென்ன?

மார்ச் 9
ரப்பரை நானே ஒட்டினேன். பசை காயும்வரை பொறுக்காததால் நடுவில் காற்று புகுந்து உப்பிவிட்டது. உரித்து, மறுபடி பூசி, காயவிட்டு, பாட்டிலை உருட்டி அழுத்தினேன். அப்பாடா, படிந்தது.

மார்ச் 14
தோல்வி, தோல்வி, தோல்வி. எல்லாம் வலையிலதான் விழுது. பாத்ரூம்ல போய் அழுதேன். "பழைய பேட்டை எடு, இல்லேன்னா டீமை மறந்துடு"ன்னு சொல்லிட்டார். எடுக்க மாட்டேன். தோத்தாலும் என் பேட்டோட தோத்துட்டுப் போறேன், போங்க!

மார்ச் 22
கை பழகிவிட்டது. சத்தியமாக.

மார்ச் 29
தேர்வு. மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயித்தேன். மிச்சமிருந்தது அவரோடு.

ஓங்கி ஓங்கி அடித்தார். எத்தனை பலமாகச் சுழற்றினாரோ அத்தனை பலமாக அவருடைய பந்தே வலைக்குள் விழுந்தது. நடுவில் என் பேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து முறைத்தார். கடைசி செட்டில் இரண்டு பாயிண்டில் நான் தோற்றேன். ஆனால் தொப்பலாக நனைந்திருந்தது அவர்தான்.

"சே, உன்கூட ஆடுற மாதிரி எரிச்சல் வேற கிடையாது!"

"அதுக்குத்தானே வாங்கினேன்."



ஏப்ரல் 2
கிளப் பலகையில் டீம் பட்டியல். கடைசிப் பெயர் என்னுடையது, அவர் கையெழுத்தில். யாரிடமோ, "அவகிட்ட மாட்டினவன் தொலைஞ்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி நடந்தேன். விழுந்தது, நன்றாகவே விழுந்தது!

ஏப்ரல் 6
காலையில் தன் பேட்டை என் முன்னால் வைத்தார். "எனக்கும் மாத்தணும் போலிருக்கு. எது சரிப்படும்னு சொல்லேன்."

"நீங்க எப்படி ஆடுவீங்க?"

தன் பேட்டையே இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"யோசிச்சு வைங்க, வந்து பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் பேட்டை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினேன்.