கம்ப்யூட்டரை அனுப்ப வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும், எழுதிவிட்டேன், நலம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, முதுகு வலி தொந்தரவு இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். ஆனால் உள்ளதைச் சொன்னால் கொஞ்ச நாளாகவே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. தேநீர் போட்டு அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்து, ஆறியதைச் சூடு பண்ணி, அதையும் மறக்கிறேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறாய், கம்ப்யூட்டரை இங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பட்டுமா, ஒரு வார்த்தை சொல்லும்மா என்று. நான் மென்று முழுங்கியதற்குக் காரணம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததுதான். இப்போது அவர் உள்ளே தூங்குகிறார், அதனால் எழுதுகிறேன். அனுப்ப வேண்டாம். ஏன் என்று சொல்ல ஒரு வரி போதாது, பொறுமையாகப் படி.

பழையது விசிறி இரைய மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, ஒருநாள் நான் ஒரு படத்துக்குச் சப்டைட்டில் அடித்துக்கொண்டிருக்கும்போது, கதாநாயகி ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள், திரை கறுத்துவிட்டது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரிப்பேர் கடையில் மதர்போர்டே போய்விட்டது, இதற்குச் செலவு பண்ணுவது வீண் என்று கையை விரித்துவிட்டார்கள். வேலை கொடுக்கிற கம்பெனிக்காரப் பெண் நல்லவள்தான், ஆனால் படம் வெளியாகிற தேதி எனக்காக நிற்குமா, சீக்கிரம் சொல்லுங்க, இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா வேலைக்குப் போகாத இந்த நேரத்தில் என் வேலையும் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கு ஆரம்பித்த பதற்றம்தான், இன்னும் அடங்கவில்லை.

என் எண்ணம் நேரானது. கடைக்குப் போவோம், கட்டி வைத்த பெட்டி ஒன்றைக் கொண்டுவருவோம், பிளக்கைச் சொருகுவோம், நான் வேலையைப் பார்ப்பேன். கெட்டுப்போனால் பிடித்து உலுக்க ஒரே ஆள் இருப்பான். அப்பாவோ, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிவிடலாம் என்றார். "கட்டி விக்கிறதுல வெளிய தெரியுற இடத்துல எல்லாம் பளபளன்னு வச்சிருப்பான், உள்ள மெமரியையும் பவரையும் குறைச்சிருப்பான். நாளைக்கு உனக்கு இன்னும் பெரிய படம் வந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் என் கண் அவர் இடது கை மேலேயே இருந்தது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அந்தக் கையை அவர் வெளியே காட்டுவதே இல்லை, எங்கே போனாலும் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ ஒளித்து வைத்துக்கொள்கிறார். பட்டன் போடவே நான் வேண்டும், ஊசிமுனை மாதிரி இருக்கிற பாகங்களை எப்படிப் பூட்டப் போகிறார். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பார்க்கலாங்க, யோசிக்கலாங்க என்று தள்ளிக்கொண்டே போனேன். நீயும் அதைத்தான் செய்தாய். சரிப்பா, அப்புறம் பார்க்கலாம்ப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா என்று அவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா அவர் பேச்சைக் கேட்காதே, நான் அனுப்புகிறேன் என்றாய். அவருக்கு அது தெரியாது என்று நினைத்தோம். பால்கனிக்கும் படுக்கையறைக்கும் நடந்துகொண்டே இருந்தார், பேச்சு குறைந்துபோனது.

கடைசியில் ஒருநாள் காலையில் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரி சின்ன வயதுக்காரி, கண்ணாடியைத் தலைமேல் தள்ளி வைத்துக்கொண்டு நாம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள். அவளிடம் இரண்டில் எது நல்லது என்று கேட்டேன். "இன்னைக்கே வேலைய ஆரம்பிக்கணும்னா கட்டினதை எடுத்துட்டுப் போங்கக்கா. பிரிச்சு வாங்கினா பின்னாடி கூட்டலாம் குறைக்கலாம், ஆனா ஏதாவது வேலை செய்யலன்னா எந்தப் பாகம்னு நீங்கதான் உட்கார்ந்து தேடணும்" என்றாள். எனக்கு அது போதும். உட்கார்ந்து தேட எங்கள் வீட்டில் யாருக்குத் தெம்பு இருக்கிறது என்று நினைத்து, மேல் தட்டில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி இதையே எடுங்கள் என்று சொல்லிவிட்டு, கைப்பையையும் திறந்துவிட்டேன். திரும்பி அப்பாவைப் பார்க்கிறேன். பக்கத்து மேசையில் யாருடையதோ ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் பிரித்துப் போட்டபடி கிடந்தது. அவர் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார், நாற்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக லிப்ட் பெட்டிக்கு மேலே ஏறி நின்று தலையை விட்டுப் பார்த்தாரே, அதே மாதிரி. வலது கையால் ஒரு வயரை ஒதுக்கிப் பிடித்திருந்தார். இடது கை பையில் இல்லை. தானாக வெளியே வந்து, அந்தப் பெட்டியின் மூடி சாய்ந்துவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாது, தெரிந்திருந்தால் உடனே உள்ளே போட்டிருப்பார். நான் கைப்பையை மூடிவிட்டேன். கடைக்காரியிடம், அவரைக் கேட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடும்மா என்றேன். அவள் கறுப்புப் பெட்டியை மறுபடி மேலே வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசை அவர் மேசை ஆகிவிட்டது. பிராசஸரை அதன் குழியில் வைக்க அழுத்தவே கூடாதாம், தானாக உட்கார வேண்டுமாம், அதை வலது கையாலேயே வைத்துவிட்டார். அதன் மேல் விசிறியை வைத்துத் திருகும்போது நான் நேராகப் பிடித்துக்கொண்டேன். மெமரிப் பட்டையைச் சொருகும்போதுதான் கஷ்டம். இரண்டு முனையிலும் இரண்டு கட்டைவிரலால் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். நான் அமுக்குகிறேன் என்றேன், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பார்க்க முடியாமல் நான் பால்கனிக்குப் போய்க் காயாத துணியை எல்லாம் எடுத்து மடித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் அதைத் திரும்பக் காயப் போட்டேன், அது வேறு கதை.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டுப் போட்டார், மறுபடி விசிறி மட்டும். கம்பெனிக்காரியின் சிரிப்பு, போகப்போகிற வேலை, கடையில் மேலே போய்விட்ட அந்தக் கறுப்புப் பெட்டி, எல்லாம் ஒன்றாக வந்து தலைக்கு ஏறியது. "நான் அப்பவே சொன்னேன்ல, கட்டினதை வாங்கிட்டு வந்து நிம்மதியா இருந்திருக்கலாம், உங்களுக்கு எப்பவுமே உங்க பிடிவாதம்தான் பெருசு" என்று கத்திவிட்டேன். அவர் ஸ்க்ரூடிரைவரை மேசையில் போட்டுவிட்டு, "வாங்கினா வாங்கியிருக்க வேண்டியதுதானே, என்னை எதுக்குக் கேட்ட, எல்லாத்தையும் எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் பேசி முடிவு பண்றீங்கல்ல, இதையும் பண்ணியிருக்க வேண்டியதுதானே" என்று திருப்பிக் கத்தினார். அவ்வளவுதான், எங்கிருந்தோ எல்லாம் வந்தது. மாத்திரை, உப்பு, ஆஸ்பத்திரி, நான் அவரைத் தனியாகக் குளிக்கக்கூட விடாதது, அவர் எனக்குப் பதில் சொல்லாமல் சுவரைப் பார்ப்பது, ஒன்று பாக்கி இல்லை. கீழ்வீட்டுப் பல் டாக்டர் மேலே ஏறி வந்து கதவைத் தட்டி, எல்லாம் சரியா இருக்கா, அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் ஒன்றுமில்லை என்றோம், கதவைச் சாத்தினோம், சாத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம், அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு போய் உட்கார்ந்து, டார்ச்சை என்னைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெமரியின் ஒரு முனை முழுசாக உள்ளே போகவில்லை, அவருடைய இடது கை அமுக்கிய முனை. இதோ முகம் வாடிவிடும் என்று நினைத்தேன். வாடவில்லை. பெட்டியை அப்படியே அரைச் சுற்றுத் திருப்பி, அந்த முனை வலது கைப் பக்கம் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, "கையைத்தான் மாத்த முடியாது, பெட்டியைத் திருப்பலாம்ல" என்று சொல்லி அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம். சுவிட்சைப் போட்டதும் திரை வெளிச்சமானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவர் கம்ப்யூட்டருக்காக என்று நினைத்துக்கொண்டு, அழாத, உன் படம் எங்கேயும் போகல என்றார்.

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது, இப்பதான் வீடு வீடு மாதிரி இருக்கு என்றார். கம்ப்யூட்டர் வந்ததாலா என்று கேட்டேன். "அது இல்ல. நீ கத்தினியே. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து எல்லாரும் என்கிட்ட மெதுவாத்தான் பேசுறீங்க, பக்கத்துல யாரோ தூங்குற மாதிரி. உன் பொண்ணு வக்கீல் மாதிரி என்கிட்ட வாதாடுவா, இப்ப சரிப்பா சரிப்பாங்கிறா. அவ சரிப்பான்னு சொல்றப்பதான் நான் நோயாளின்னு எனக்கு ஞாபகம் வருது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இப்போது கம்ப்யூட்டர் ஓடுகிறது, வேலையும் கையை விட்டுப் போகவில்லை. இருந்தாலும் தினமும் காலையில் சுவிட்சைப் போடும்போது திரை வருகிறவரை எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அது போதாதென்று, அவர் நேற்று தன்னுடைய பழைய கம்பெனிக்கு அவராகவே போன் பண்ணியிருக்கிறார். ஆபீஸில் உட்கார்ந்து, எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் போனிலேயே மெக்கானிக்குகளுக்கு வழி சொல்கிற வேலையாம், அடுத்த வாரத்திலிருந்து வருகிறேன் என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், நான் என்னடா என்றால் பஸ் படி எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டு நிற்கிறேன். இதற்கும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அவர் தூங்கி எழுந்ததும் போடுவேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளாதே. உன் கம்ப்யூட்டரில் இருப்பதை எல்லாம் வேறு இடத்திலும் ஒரு நகல் எடுத்து வை, என் கதாநாயகிக்கு வந்த கதி உனக்கு வர வேண்டாம். நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும், எந்த வீட்டில் இருந்தாலும் உன் மனசு நிறைந்திருக்கட்டும். எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே, முதலில் அப்பாவிடம் பேசு. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. அவர் கடையில் தேடிப்பிடித்து வாங்கிய பெட்டியில் சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் மாறி மாறி எரிகின்றன, முன்னறை முழுக்கச் சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கிறது. இந்த வயசுல எதுக்குப்பா இது என்று கேள். நான் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, உனக்காக விட்டு வைத்திருக்கிறேன். அவர் ஏதாவது நியாயம் சொல்வார். சரிப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டு,
அம்மா