இடக்கை முடிச்சு

அண்ணே,

இன்று காலை அடுப்புக்கூடப் பற்றவைக்காமல் முதலில் உன் தகரப் பெட்டியைத்தான் திறந்தேன். நீ போனபின் மதினி கொடுத்தனுப்பி, மூன்று மாதமாக நான் தொடாமல் வைத்திருந்த பெட்டி. திறந்ததும் விளக்கெண்ணெயும் பதனிட்ட தோலும் கலந்த உன் வாசனை.

நேற்று உன் அணியில் உன்னோடு ஆடிய காதர் அண்ணன் வந்திருந்தார். உன் நினைவாகப் பந்தாட்டம் நடத்தப்போகிறார்களாம், மேடையில் வைக்கப் போட்டோ வேண்டுமாம். "நான் வெறும் போஸ்ட்மேன் தங்கச்சி. பந்தைக் கொண்டாந்து சேர்ப்பேன். கோலுக்குள்ள பட்டுவாடா பண்ணுனது ஒங்கண்ணன்தான்" என்று பழைய வேடிக்கையைச் சொன்னார். செருப்பு மாட்டும்போது மட்டும் குரல் தாழ்ந்தது: "பெட்டில பழைய கால்கட்டு ஒண்ணு கெடக்கும். பாக்காம எரிச்சிரு."

ஏன் எரிக்க வேண்டும்? இருபத்தைந்து வருடமாக அவர்மேல் எனக்கு இருந்த சந்தேகம் மறுபடி தலைதூக்கியது.

பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கோல் அடித்துப் பெயர் வாங்கியவன் நீ. அந்தக் காலுக்காகவே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கொடுத்து அவர்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மதுரை அணிகள் உன்னைத் தடுக்க மட்டும் இரண்டு பேரை நிறுத்தும். அப்படியும் பந்து வலைக்குள் கிடக்கும். நாகல் நகர் சலூனில் முடிவெட்ட உன்னிடம் காசு வாங்க மாட்டார்கள். பூட்ஸ் மட்டும் போட மாட்டாய். "பூட்ஸ் போட்டா பந்து எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாது புள்ள."

ஆட்டத்தன்று உன் வலது காலுக்குத் துணி கட்டுவது என் வேலை. நாலு சுற்று, முடிச்சு வெளிக்கணுக்காலில். ஆட்டம் முடியும்வரை யாரும் அதை அவிழ்க்கக்கூடாது. "தங்கச்சி கட்டுனது, அவுக்கப்படாது" என்பாய். இது ஊருக்கே தெரிந்த வழக்கம்.

அந்தக் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. பெனால்டியில் ஒருமுறைகூடத் தவறாத நீ பந்தைக் கம்பத்துக்கு மேலே வானத்துக்கு அடித்தாய். "வெல போயிட்டான்லே!" என்று கூட்டம் கத்தியது. கிரவுண்டை ஒட்டிய தோழி வீட்டு மொட்டைமாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளையில் காதர் அண்ணன் உன் காலடியில் குனிந்து ஏதோ செய்ததையும் பார்த்தேன். அவர்தான் கால்கட்டை மாற்றிக் கட்டிக் கெடுத்தார் என்று நினைத்தேன். சில நாள் உன்னையே சந்தேகித்தேன்.

அதோடு உன் ஷாப் வேலை போனது. கீரனூருக்குப் போய்த் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினாய். ஒருமுறை கேட்டேன்: "நெசமாவே தவறிருச்சா அண்ணே?"

"கால் வழுக்கிருச்சு, விடு" என்று சிரித்தாய். நான் நம்பவில்லை.

இன்று அந்தக் கால்கட்டை எடுத்துப் பார்த்தேன். கால் வீங்கியதால் அன்று அப்பா குதிகால் பக்கம் கத்தரித்து எடுத்தது. முடிச்சு அப்படியே இருக்கிறது. கணுக்காலில் அல்ல, பாதத்தின் மேல், பந்து படும் இடத்தில். அதன்மேல் பந்தின் செம்மண் தடம். எல்லோர் முடிச்சும் வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நம் வீட்டில் இடக்கைக்காரி நான் ஒருத்திதான்.

துணி இரண்டே சுற்று.

அந்த ஆட்டத்துக்கு முதல்நாள் நாம் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. "கிரவுண்டுக்கெல்லாம் பொம்பளப் புள்ள வரப்படாது" என்றாய். மறுநாள் காலை உன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுக் கல்லூரிப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். தளர்ந்த துணி ஓட ஓடத் திரும்பி, முடிச்சு மேலேறியிருக்கிறது. காதர் அண்ணன் அவிழ்த்துக் கட்டத்தான் குனிந்திருப்பார். அவுக்கப்படாது என்று நீ காலை இழுத்துக்கொண்டிருப்பாய். பிறகு அவர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டாய், எனக்குத் தெரியக்கூடாது என்று.

சாயங்காலம் அவர் போட்டோ வாங்க வருவார். கொடுப்பேன். எரித்தாயா என்று கேட்டால் தலையாட்டிவைப்பேன்.

உன் நினைவு ஆட்டத்தன்று, நீ வரக்கூடாதென்ற அந்த கிரவுண்டுக்கு வருவேன் அண்ணே. மைக்கின் முன்னால் இந்தக் கால்கட்டைத் தூக்கிப் பிடித்து, கட்டியது யார் என்று ஊருக்குச் சொல்வேன். முடிச்சை மட்டும் அவிழ்க்க மாட்டேன்.